இறால் தோலும் ஆவுடையம்மாளின் காலும்

ஜூன் 5, வியாழன்

வலி உண்டு. கசிவு உண்டு. வாடை உண்டு.

இந்த மூன்றையும் தினமும் முதல் வரியில் எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் இந்த டைரியைத் தந்தாள் பொன்சுதா. வியாழக்கிழமைதோறும் அந்த வரியை மட்டும் பார்த்துக்கொள்வாளாம். "மிச்ச இடத்துல என்ன வேணாலும் எழுதிக்கோங்க ஆச்சி, நான் படிக்க மாட்டேன்" என்றாள். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். இவ்வளவு வெள்ளைத் தாளை யாரும் எனக்குத் தந்ததில்லை. வீணாக்க மாட்டேன்.

என் பெயர் இஞ்ஞாசியம்மாள். ஊர் திரேஸ்புரம். மகள் ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறேன். சக்கரை வியாதி. ஈஸ்டருக்கு ஸ்டெல்லா எடுத்துத் தந்த புதுச் செருப்பு வலது கால் பெருவிரலைக் கடித்துப் புண்ணாக்கி, அது இன்னும் ஆறவில்லை. அந்தச் செருப்பு வேண்டாம் என்று கடையிலேயே சொன்னேன். அவள் கேட்கவில்லை. காலையும் சாயங்காலமும் இதை அவளுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

பொன்சுதா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆறாத புண்ணின்மேல் வைக்கிற ஒரு பஞ்சைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கமிட்டி அனுமதி கொடுத்து, என்னைப் போல சில பேரைச் சேர்த்து, பெரிய டாக்டர் மேற்பார்வையில் வைத்துப் பார்க்கிறார்கள். இது ஒழுங்காக முடிந்தால்தான் மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளிலும் வைக்க விடுவார்களாம். பாதியில் ஆள் விலகிப் போனால் அவள் வேலை அப்படியே நின்றுவிடும்.

பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருந்தது.

"எதுலட்டி செஞ்ச?"

"றால் தோல்லதான் ஆச்சி. கம்பெனியில உரிச்சுக் கொட்டுவாங்கல்லா, அதுல."

நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். என் கல்யாணத்துக்கு மறு வாரம் தொடங்கி, முட்டி தேய்ந்து வீட்டில் உட்காருகிற வரைக்கும் இறால் கம்பெனியில் தோல் உரித்தவள் நான். ஐஸ் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெந்துபோகும். புளி போட்டுத் தேய்த்தாலும் எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. என் விரலைத் தின்ற தோல் இப்போது என் விரலை ஆற்ற வந்திருக்கிறது. வரட்டும். கடன்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் கை துறுதுறுக்கிறது.

மருந்து கட்டுகிற அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. மகன் கையைப் பிடித்துக்கொண்டு என் வயசுக்காரி ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். நெற்றி நிறைய விபூதி. இடது தாடையில் மச்சம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

ஸ்டெல்லா அப்போது கைக்குழந்தை. கம்பெனி விட்டு டவுண் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். என் பக்கத்தில் இடம் காலி. இவள் ஏறி உட்கார்ந்தாள். கத்தரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை. மடியில் சிவப்பு டவுசர் போட்ட பையன். மூக்கைச் சுளித்தாள். என் கையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பையனையும் இழுத்து இறக்கி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, இறங்குகிற இடம் வரைக்கும் நின்றே வந்தாள். உட்காரணும் என்று பையன் அழுதான். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குக் கண்டக்டர் கிழித்துத் தந்த டிக்கெட்டின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சை.

இன்றைக்கு அவளுக்குக் காலில் புண். நிற்க முடியாது. வேறு பெஞ்சும் இல்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

நர்ஸ் கூப்பிட்டாள்: "ஆவுடையம்மாள்!"

இத்தனை வருஷம் கழித்துப் பெயர் கிடைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

வலி உண்டு. கசிவு உண்டு. வாடை கொஞ்சம் குறைவு.

கோவிலுக்குப் போகவில்லை. டிவியில் பூசை பார்த்தேன். ஸ்டெல்லா சாளை மீன் குழம்பு வைத்தாள். உப்பு இல்லை. என் நாத்தனார் என் கல்யாணத்துக்கு ஓட்டைக் குடம் கொடுத்தது ஏனோ இன்று முழுக்க மனசில் ஓடியது. அவள் செத்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.

ஜூன் 12, வியாழன்

வலி குறைவு. கசிவு உண்டு. வாடை குறைவு.

ஆவுடையம்மாள் இன்றும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு விரலுக்கு இடையில் இருந்த கால் ஆணியை வீட்டிலேயே பிளேடு வைத்துச் சீவியிருக்கிறாள். அது புரை ஓடிவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று பெரிய டாக்டர் சொன்னபோதுதான் மகன் இந்தப் பஞ்சுக்குக் கூட்டி வந்திருக்கிறான். மகன் பெயர் சங்கரலிங்கம். கூட்டுறவு சொசைட்டியில் வேலை. சிவன் கோயில் பக்கம், நெய்க்கடைக்கு எதிர்வீடு. எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.

"எல்லாம் கடற்பாசியாம். பாசியில என்னமா வைத்தியம் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க!" என்றாள்.

"யாரு சொன்னா, பாசின்னு?"

"எம்மவன்தான். அவந்தான் பேப்பர் எல்லாத்தையும் படிச்சுச் சொன்னான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். நாங்க சைவம்லா, அதான் கேட்டுக்கிட்டுச் சேந்தேன்."

நான் அந்த மகனைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த கொசு மருந்து விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினான். சிவப்பு டவுசர்க்காரா, நீதானா!

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கால் வலியே தெரியவில்லை. என் கை வாடைக்கு எழுந்து நின்றவள் காலில் இறால் தோலைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். சொல்லுவேன். ஆனால் இப்போது இல்லை. இப்போது சொன்னால் கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்துவிடுவாள். புண் முழுக்க ஆறட்டும். ஆறினபிறகு அந்த மச்சத்துக்கு நேராக நின்று சொல்லுவேன். அப்போது அவளால் அதைக் கழற்ற முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

வலி குறைவு. கசிவு குறைவு. வாடை இல்லை.

ஸ்டெல்லாவை அழைத்து மோந்து பார்க்கச் சொன்னேன். ஓடிவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

வலி இல்லை. கசிவு குறைவு. வாடை இல்லை.

இன்று கூட்டம் குறைவு. பொன்சுதா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். இந்தப் பஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். பாலிமர் என்றாள். ஒரே மாதிரி மணியைக் கோத்துக் கோத்து நீளமான மாலையாக்கினால் அதுதானாம் பாலிமர். ஜெபமாலை என்று நினைத்துக்கொண்டேன். ஆவுடையம்மாள் ருத்திராட்சம் என்றாள். எதுவோ, மணி மணிதானே.

கிருமிக்கு மேலேயும் ஒரு தோல் உண்டாம். இந்த மாலை போய் அதில் ஒட்டிக்கொண்டு அந்தத் தோலை ஓட்டையாக்கிவிடுமாம். "அப்ப நாங்க அதை உரிச்சோம், இப்ப அது கிருமியை உரிக்குதா?" என்று கேட்க வாய் வரை வந்தது. பக்கத்தில் ஆவுடையம்மாள் இருந்ததால் முழுங்கிக்கொண்டேன்.

இந்தப் பதம் வருவதற்குள் பொன்சுதா பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் செய்தது அப்பளம் மாதிரி நொறுங்கியதாம். அடுத்தது புண் நீர் பட்டதும் வடிகஞ்சியாகக் கரைந்து ஓடியதாம். அதற்கடுத்தது தோலோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் புண்ணையும் சேர்த்துப் பிரித்ததாம். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு கோடை போய்விட்டது. கல்யாணப் பேச்சு வந்த நேரமெல்லாம் அவள் பஞ்சை உறைய வைக்கிற பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு அதில் இன்னும் கோபமாம். அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆவுடையம்மாளும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பேச்சு மருமகள் பக்கம் போயிற்று. ஆவுடையம்மாளின் மருமகள் சாம்பாருக்குப் புளிக்குப் பதில் தக்காளி போடுகிறாளாம். எனக்கு மருமகள் இல்லை. இருந்தாலும் அந்தப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

வலி இல்லை. கசிவு இல்லை. வாடை இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பொன்சுதா என் கட்டைப் பிரித்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். புண் சுருங்கி வேப்பங்கொட்டை அளவாகிவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பேச்சு வந்துவிட்டது.

"வெளியே இருக்காள்லா ஆவுடையம்மா, அவளுக்குத் தெரியுமாட்டி அவ கால்ல என்ன இருக்குன்னு? பாசின்னுல்லா நெனச்சுக்கிட்டு இருக்கா!"

பொன்சுதாவின் கை அப்படியே நின்றது.

"பாசியா? யாரு சொன்னா?"

"மவன்காரன்தான். அம்மாவைச் சேக்கதுக்குப் பொய் சொல்லியிருக்கான். விடு, ஆறட்டும். பொறவு நான் சொல்லிக்கிடுதேன்."

"ஐயோ ஆச்சி! அப்படி விடக்கூடாது."

"சொன்னா போயிருவாட்டி."

"போனா போகட்டும். அவங்க ஒடம்பு, அவங்களுக்குத் தெரியாம நான் எப்படி வைக்க? பேப்பர்ல எழுதியிருக்குன்னு நான் இருந்துட்டேன். அவங்ககிட்ட வாயால கேட்டிருக்கணும். என் தப்புதான்."

"உன் வேலை என்னாகும்?"

ஏற்கெனவே ஒரு ஆட்டோக்காரர் புண் ஆறாமல் வேறு வைத்தியத்துக்குப் போய்விட்டார். இன்னொரு ஆள் போனால் கமிட்டி என்ன சொல்லும் என்று எனக்குக்கூடத் தெரியும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். ஆவுடையம்மாளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். மகன் அந்த நேரம் மாத்திரை வாங்கப் போயிருந்தான்.

ஆவுடையம்மாள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் கையைப் பார்த்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் பார்த்த அதே மாதிரி. அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஜூன் 29, ஞாயிறு

முன்னே மாதிரியேதான்.

பொன்சுதா செய்தது சரிதான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆறினபிறகு சொல்ல இருந்ததை அவள் முந்திச் சொல்லிவிட்டாள். என் சொத்தை வேறு யாரோ எடுத்துச் செலவழித்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

வலி இல்லை. கசிவு இல்லை. வாடை இல்லை.

பெஞ்சில் நான் மட்டும். மின்விசிறி முழுக்க எனக்கே. காலை நீட்டிக்கொள்ளலாம். நன்றாகத்தான் இருந்தது.

சங்கரலிங்கம் மட்டும் வந்தான். "அம்மா வரமாட்டேங்கா. காரணமும் சொல்ல மாட்டேங்கா. கட்டை அவுத்துப் போட்டுட்டா" என்று பொன்சுதாவிடம் சொல்லிக் கை பிசைந்தான். பொன்சுதாவுக்குக் காரணம் தெரியும், அவனிடம் சொல்ல முடியாது. அவனிடமும் அந்தப் பாசிப் பொய் உண்டு, அதை அவனால் சொல்ல முடியாது. இரண்டு பேரும் பல் வலிக்காரர்கள் மாதிரி எதிரெதிரே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து அயிலை மீன் கழுவினேன். செதிலை எடுக்காமல் சட்டியில் போட்டுவிட்டேன். ஸ்டெல்லா, "என்னம்மா ஆச்சு ஒனக்கு?" என்றாள். செருப்பைப் பற்றி ஞாபகப்படுத்தினேன்.

ஜூலை 4, வெள்ளி

முதல் வரி: கால் கொஞ்சம் வலிக்கிறது. நடந்ததால். பொன்சுதா இதைப் பார்த்துத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

மாதா கோவிலுக்குப் போகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ ஓட்டினவன் ஒரு வழிப் பாதை என்று சொல்லித் தெருமுக்கிலேயே இறங்கச் சொன்னதால் மீதித் தெருவை நடந்தேன்.

போனது பொன்சுதாவுக்காகத்தான். அந்தப் பிள்ளையின் வேலை கெடக்கூடாது. வேறு ஒன்றும் இல்லை.

கதவு திறந்து கிடந்தது. ஆவுடையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காலில் பழைய வேட்டித் துணி. மஞ்சள் கசிந்திருந்தது. வாசலிலேயே வாடை வந்தது.

"வா" என்றாள். 'வாங்க' இல்லை. "சொல்லிக்காட்ட வந்தியா?"

"ஆமா. அதுக்குத்தான் வந்தேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மவன்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேக்கல. கேட்டா ஒடைஞ்சு போவான். அம்மைக்கு விரலை எடுத்துருவாங்களோன்னு பயந்து சொன்ன பொய். எனக்குத் தெரியாதுன்னே அவன் நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

"அப்ப வரவேண்டியதுதான?"

"காலையில எந்திரிச்சா இந்தக் காலோடதான பூசை ரூமுக்குள்ள போவணும்? மீனு கறி வாசல் தாண்டாத வீடு இது."

ஆட்டோவில் வரும்போது எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய் ஒன்றுதான் வந்தது.

"இப்ப இந்த வீட்டுல யாருகிட்ட இருந்து நாத்தம் வருது?"

கத்தி நின்றது. அவள் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. கத்தரிப்பூ நிறச் சேலை, மச்சம், எழுந்து நின்றது, மூக்கை மூடியது, பச்சை டிக்கெட், ஒன்று விடாமல் சொன்னேன்.

"எனக்கு அப்ப மசக்கை" என்றாள் மெதுவாக. "சங்கரன் வயித்துல. எந்த வாடையும் ஆகாது."

"வயித்துல இருந்தவன் எப்படிச் செவப்பு டவுசர் போட்டுக்கிட்டுப் படியேறுனான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பாவி! ஒருத்தி இப்படியா ஞாபகம் வச்சிருப்பா!" நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். கொத்தவரங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"மசக்கை இல்ல. நாத்தம்னுதான் எந்திரிச்சேன். உன் கையைப் பாத்துத்தான் எந்திரிச்சேன். நீ யாரு என்னன்னு நெனச்சும் எந்திரிச்சேன். போதுமா?"

போதவில்லை. இதற்குப் பதில் சொல்ல எத்தனையோ வார்த்தைகளை இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்தேன். அவள் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வீசியிருப்பேன். இப்படி ஒத்துக்கொண்டால் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

"சரி. இப்ப எந்திரிச்சு நில்லு பாப்போம்" என்றேன். "நான் உன் முன்னாலதான் இருக்கேன். அதே கைதான். எந்திரி."

அவள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து பார்த்தாள். ரோசக்காரி, பார்க்கத்தான் செய்தாள். பாதம் தரையில் பட்டதும் முகம் கோணியது. உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாது" என்றேன். "விரலை எடுத்துட்டா சுத்தமா முடியாது. வியாழக்கிழமை வந்து காலை ஆத்திக்கோ. ஆத்திக்கிட்டுப் பஸ்ஸுல ஏறு. நான் சன்னலோரமா உக்காந்திருப்பேன். அப்ப எம்பக்கத்துல இருந்து எந்திரிச்சு நில்லு. மூக்கையும் மூடிக்கிட்டு நில்லு. காலு இருந்தாத்தான உனக்கு அதுகூட முடியும்?"

அவள் கீழே வைத்த தட்டை எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பஞ்சு…" என்றாள்.

"புண்ணு மூடுன பொறவு பஞ்சு ஏது? அதைப் பிரிச்சுப் போட்டுருவாங்க. உன் தோலுதான் மிச்சம் இருக்கும். அதைக் கூட்டிக்கிட்டுப் போ பூசை ரூமுக்கு."

சர்க்கரை போடாத காப்பி தந்தாள். அவள் நொண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எழுந்து உதவவில்லை. காப்பி நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

வலி இல்லை. கசிவு இல்லை. வாடை இல்லை.

வந்துவிட்டாள். எனக்கு முன்னாலேயே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். என் இடம் அது.

"யோசிச்சுப் பாத்தேன்" என்று என் காதோரம் சொன்னாள். "விரலை அறுத்தா எங்க போடுவாங்க? ஆஸ்பத்திரிக் குப்பையில, ஊருப்பட்ட வெரலோட சேத்து. அந்த வாளியில சைவம் அசைவம்னு பிரிச்சா வைப்பாங்க?"

"மாட்டாங்க" என்றேன்.

"அப்ப காலுலயே இருக்கட்டும்."

பொன்சுதா அவளைத் தனியாக அழைத்துப்போய், எல்லாவற்றையும் திரும்ப வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். ஒரு வாரம் விட்டுப்போனதையும் மறைக்காமல் எழுதிக்கொண்டாள். வெளியே வந்தபோது பொன்சுதாவின் மூக்கு நுனி சிவந்திருந்தது. சங்கரலிங்கம் ஓடி வந்தான்.

"பாத்தியாம்மா, பாசி கெடுதல் ஒண்ணும் செய்யாதுன்னு நான் அப்பமே சொன்னேன்லா?"

"நல்ல பாசிய்யா" என்றாள் ஆவுடையம்மாள்.

"கடலுக்குள்ள நல்லா மீசையோட இருக்கும் தம்பி, நான் பாத்திருக்கேன்" என்றேன் நான்.

பொன்சுதா திடீரென்று இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

வலி இல்லை. கசிவு இல்லை. வாடை இல்லை. அரிக்கிறது. அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தமாம்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு கொடி பார்க்கப் போனேன். கூட்டத்தில் கம்பெனியின் பழைய சூப்பர்வைசரைப் பார்த்தேன். ஒரு நாள் நான் மூத்திரம் போய்விட்டு வந்ததற்கு எல்லார் முன்னாலும் கத்தியவன். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாதா முன்னால் எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பட்டியல் பெரிது சாமி, ஒரே நாளில் முடியாது.

ஜூலை 31, வியாழன்

நான் வரத் தேவையில்லை என்றார்கள். ஆனாலும் போனேன். பெஞ்சு பழகிவிட்டது.

ஆவுடையம்மாளுக்கும் ஓரம் எல்லாம் கூடிவிட்டது. நடுவில் மிளகு அளவு மீதி. விரலை எடுக்க வேண்டாம் என்று பெரிய டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சங்கரலிங்கம் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளிலும் வைத்துப் பார்க்கலாம் என்று கமிட்டி பொன்சுதாவுக்குச் சொல்லிவிட்டது. ஆட்டோக்காரருக்கு ஆறாததையும், எங்கள் ஆள் ஒரு வாரம் வராததையும், ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருந்தாளாம். இனிமேல் பேப்பரின் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் 'இறால் தோலில் செய்தது' என்று போட வேண்டும், நோயாளியிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"எழுத்து மட்டும் போட்டா எங்களை மாதிரி ஆளுவ படிக்க மாட்டோம்" என்றாள் ஆவுடையம்மாள். "படம் போடு. றாலு படம். பாத்தா பயம் வராத மாதிரி லேசா சிரிச்சாப்புல போடு."

"றாலு எங்கட்டி சிரிக்கும்?" என்றேன்.

"நீ இத்தனை வருஷம் உரிச்சா அது எப்படிச் சிரிக்கும்?"

மூன்று பேரும் சிரித்த சத்தத்துக்கு நர்ஸ் வந்து அதட்டினாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வலி இல்லை. கசிவு இல்லை. வாடை இல்லை. இரண்டு பேருக்கும்.

இன்றோடு முடிந்தது. பொன்சுதா எங்கள் இரண்டு பேர் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். முகம் வராது, கால் மட்டும்தான் என்றாள். முகம் வந்தாலும் பரவாயில்லை என்று ஆவுடையம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் பத்திரிகை எங்களுக்கும் வர வேண்டும் என்று இரண்டு பேரும் பொன்சுதாவிடம் சத்தியம் வாங்கினோம்.

சங்கரலிங்கத்துக்கு இன்று வேலை. "டாக்டரே நடக்கலாம்னு சொல்லிட்டாரு, நான் பஸ்ஸுலயே போயிக்கிடுதேன்" என்று ஆவுடையம்மாள் அவனை அனுப்பிவிட்டாள்.

டவுண் பஸ் வந்தது. நான் முதலில் ஏறினேன். சன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலி. ஆவுடையம்மாள் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி வந்தாள். என் சீட்டுக்கு நேராக வந்தாள். உட்கார்ந்தாள். என் கையைப் பார்த்தாள்.

எழுந்து நின்றாள்.

முந்தானையை எடுத்து மூக்கை மூடினாள். பஸ் கிளம்பியது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் கை தானாகவே முந்தானைக்குள் போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். முந்தானைக்கு மேலே அவள் கண் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

"நல்லா நிக்குதேனா?"

"நிக்குத. அந்தக் காலுல பாரத்தைப் போடு, பாப்போம்."

"போட்டுட்டேன்."

"வலிக்கா?"

"இல்ல."

கண்டக்டர் வந்தான். "ஏ ஆச்சி, எடம் கெடக்குல்லா, உக்காந்தா என்ன? விழுந்து கிழுந்து தொலைச்சிராதீங்க."

"நீ டிக்கெட்டைக் குடுய்யா. இது எங்களுக்குள்ள உள்ளது" என்றாள்.

அடுத்த நிறுத்தம் வரைக்கும் நின்றாள். வளைவில் பஸ் சாய்ந்தபோதுகூடக் கம்பியை ஒரு கையால்தான் பிடித்தாள். நிறுத்தம் வந்ததும் முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினாள்.

"தள்ளி உக்காரு இஞ்ஞாசி."

தள்ளினேன். உட்கார்ந்தாள். அவள் மருமகள் நேற்று ரசத்திலும் தக்காளி போட்டுவிட்டாளாம். அவள் இறங்குகிற இடம் வரைக்கும் அதையே பேசினோம். இறங்கியபின் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்தாள், நொண்டாமல்.

மன்னித்தேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருக்கிறேனா என்று முதலிலிருந்து புரட்டியும் பார்த்துவிட்டேன். இல்லை.

ஆனால் பேனாவை மூடப்போகும்போதுதான் ஒன்று தோன்றியது. இன்றைக்குக் கண்டக்டர் கிழித்துத் தந்த டிக்கெட் என்ன நிறம் என்று நான் பார்க்கவே இல்லை.